புதுச்சதை

வெட்டிய விளிம்பு நேராக இருக்கும், பிய்ந்த விளிம்பு அப்படி இருக்காது. இதைத் தெரிந்துகொள்ள நர்ஸ் படிப்பு வேண்டாம். ஒரு பழைய துணியைக் கிழித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். மெக்கானிக்கின் நெஞ்சிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்ட கறுப்பு ஸ்பாஞ்ச், மற்ற பக்கமெல்லாம் நேராக இருந்தது. கீழ்முனை மட்டும் பிய்ந்திருந்தது.

அந்த முனையில் ஒரு வால் இருந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நீளத்துக்கு, போன முறை அவளே கத்தரிக்கோலால் வெட்டி விட்ட வால்.

அவள் தட்டை மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்பாஞ்சைப் புரட்டினாள். விரிப்பின் மடிப்பிலும் கட்டிலின் ஓரத்திலும் தன் முழங்கைக்கு அடியிலும் கண்ணால் துழாவினாள். பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மெக்கானிக்கின் வயிற்றின்மேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில், துருப்பிடித்த இரும்பைத் தொட்ட கையில் வருமே, அந்த வாசனை லேசாக இருந்தது. புண்ணிலிருந்து சீழை உறிஞ்ச இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த பம்பை, கட்டு மாற்றுவதற்காக நிறுத்தியிருந்ததால், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. வால் எங்கும் இல்லை.

"எல்லாம் வந்துடுச்சா சிஸ்டர்?" என்று மெக்கானிக்கின் மனைவி கேட்டார். கணவரின் தலையை மடியில் வைத்து, அவர் தோள்கள் இரண்டையும் பிடித்திருந்தார். சற்று முன் மெக்கானிக் போட்ட அலறலில் அந்த அக்காவின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"வந்துடுச்சுக்கா," என்றாள் அவள்.

ஒரே சொல். சொல்லும்போது நாக்கு தடுமாறக்கூட இல்லை. அதுதான் பிறகு அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். மெக்கானிக்குக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு; பைபாஸ் ஆனது. இதயத்தைச் சரிபண்ண வேண்டுமென்றால் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்தாக வேண்டும், முடிந்ததும் கம்பி போட்டு முறுக்கி மூடுவார்கள். எலும்பு சேரும்வரை கையை ஊன்றி எழக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும், சர்க்கரையை ஏற விடக் கூடாது. வாழ்நாளெல்லாம் லாரி இன்ஜினைத் தோளில் தாங்கிய மனிதர் இதையெல்லாம் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கேட்டு நடந்தார். அப்படியும் கிருமி புகுந்துவிட்டது. மறுபடி திறந்து, கம்பியை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, குழியில் ஸ்பாஞ்சை வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு டியூப் வழியாகப் பம்பில் இணைத்தார்கள். பம்பு சீழையும் நீரையும் உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்து சிவப்பாக, மணி மணியாகப் புதுச்சதை எழும்பி வரும். பாதி ஆறியதும் பம்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இன்ஜினெல்லாம் சூப்பரா செட் ஆயிடுச்சு சிஸ்டர். பானட்தான் மூட மாட்டேங்குது," என்பார் மெக்கானிக். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பாள்.

புண்ணின் கீழ்முனையில் ஒரு பொந்து இருந்தது. தோலுக்கு அடியில், எலும்பு சேராத இடைவெளியை நோக்கி உள்ளே போகிற பொந்து. அதற்குள் கறுப்பு ஸ்பாஞ்ச் வைக்கக் கூடாது. அது பெரிய துளைகள் கொண்டது, பிய்ந்து வரும். நெருக்கமான வெள்ளை ஸ்பாஞ்சைத் தனித் துண்டாக வைத்து, எத்தனை துண்டு உள்ளே இருக்கிறது என்று மேலே ஒட்டிய தாளிலேயே எழுத வேண்டும் என்பது ஒழுங்கு. வெள்ளை வேண்டுமென்றால் நர்ஸ்களை அனுப்பும் அலுவலகத்தில் சொல்லி, காத்திருந்து வாங்க வேண்டும். அவளுக்கோ ஒரு குறுக்கு வழி தெரியும். கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டும்போதே முனையில் ஒரு வால் விட்டுவிடுவாள். அந்த வாலைப் பொந்துக்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது. இழுத்தால் எல்லாம் ஒன்றாக வரும், தாளில் ஒரே துண்டு என்று எழுதிக்கொள்ளலாம். பல வீடுகளில் செய்திருக்கிறாள். சமயத்துக்கு மாற்றிவிட்டால் ஒன்றும் ஆகாது.

சமயத்துக்கு மாற்றவில்லை. வெளியில் சொல்லக் கூசுகிற காரணம், அவள் தூங்கிவிட்டாள். தொடர்ந்து வேலை பார்த்த களைப்பில் ஒரு நாள் போனை அணைத்துவிட்டுத் தூங்கினாள். எழுந்து பார்த்தபோது அக்கா பலமுறை கூப்பிட்டிருந்தார். "மிஷின் ஓடுதுல்லக்கா? அப்புறம் என்ன, ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் முன்ன பின்ன ஆனா தப்பில்ல," என்று சொல்லிவிட்டு மறுநாளும் தூங்கினாள். அந்த ஒரு நாள் முன்னபின்னவில் புதுச்சதை ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் புகுந்து வளர்ந்துவிட்டது. உப்புத்தண்ணீர் ஊற்றி ஊறவிட்டும் அது வரவில்லை. இழுத்தாள். மெக்கானிக் அலறினார். அந்த அலறலுக்கு நடுவே, இடுக்கி வழியாக, அவள் விரல்களுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. உள்ளே எதுவோ பிய்ந்தது.

"தட்டை நான் எடுத்துட்டுப் போறேன் சிஸ்டர்," என்று அக்கா கை நீட்டினார்.

"வேணாம்க்கா, இது குப்பையில போடக் கூடாது. நானே பாத்துக்கறேன்," என்று சொல்லி, ஸ்பாஞ்சை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு வாயை முறுக்கினாள். இடுக்கியைப் பொந்துக்குள் விட்டுத் துழாவியிருக்கலாம். அவர் இன்னொரு முறை அலறுவார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். அவள் புது ஸ்பாஞ்சை வெட்டினாள், இந்த முறை வால் இல்லாமல், பொந்தின் வாயைப் பார்க்காமலேயே மேலே வைத்து ஒட்டினாள். பம்பைப் போட்டதும் அது ஒருமுறை உர்ரென்று உறுமி, பிறகு கடைசிச் சொட்டு ஜூஸை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற சத்தத்தோடு, ஓடத் தொடங்கியது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கு என்பது நல்ல பிராணி. எவ்வளவு சுமை ஏற்றினாலும் வாயைத் திறக்காமல் சுமக்கும். மறுநாள் அலுவலகத்துக்குப் போனாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பேருந்திலேயே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனாள். தலைமை நர்ஸ் மேடம் கம்ப்யூட்டரில் மெக்கானிக்கின் புண் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். நெஞ்செலும்புப் புண்ணுன்னா எல்லாரும் அலறுவாங்க. இவ கையில பாரு, எப்படி ரோஜாப்பூ மாதிரி சதை வந்திருக்கு."

புதுப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். நாலு விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டைக்குழியில் வந்து நின்று, பிறகு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியதுபோல இறங்கிப் போனது.

அன்றைக்கு மாலை வீட்டில் சமையலறைக் குழாயை மூடியபோது, கழிவுக்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் அவளை நிற்க வைத்தது. உர்ர். பிறகு அந்த உறிஞ்சல். எல்லார் வீட்டுக் குழாயும் அப்படித்தான் சத்தம் போடும், இத்தனை வருஷமும் அதுவும் அப்படித்தான் போட்டிருக்கும், இன்றுதான் காதில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டாள். தண்ணீர் முழுக்க இறங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் காது குறுகுறுத்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் கேட்டது. குளியலறைச் சுவருக்குள் கேட்டது. கணவனின் குறட்டைக்கு அடியில், அதோடு சேராமல், தன்பாட்டுக்குத் தனித் தாளத்தில் கேட்டது.

மகள் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே டப்பா ஜூஸைக் குடித்தாள். அடியில் மிச்சமிருந்ததை ஸ்ட்ராவால் உறிஞ்சினாள். அவள் பாய்ந்து போய் டப்பாவைத் தட்டிவிட்டாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

"என்னம்மா?" என்று மகள் கேட்டாள். அழவில்லை. அம்மாவின் கையைத்தான் பார்த்தாள். "உன் கையில என்னமோ வாசனை வருதும்மா."

சோப்பு போட்டுக் கழுவினாள். நகக்கண் சிவக்கும்வரை கழுவினாள். தொழில் கற்றுக்கொண்ட முதல் நாளிலிருந்து கழுவுகிற கைதான். அன்றைக்குத்தான் கழுவக் கழுவ அழுக்காகிக்கொண்டே போவதாகத் தோன்றியது. படுக்கையில் வெகுநேரம் விழித்துக் கிடந்து, நான் செய்தது தப்பு, நான் செய்தது பெரிய தப்பு என்று உதடு அசையாமல் சொன்னாள். அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

புண் ஆறியது. ஆறாமல் இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். இதுவோ அவள் பார்த்த எந்தப் புண்ணையும்விட வேகமாக ஆறியது. ஒவ்வொரு முறை தாளை உரிக்கும்போதும் குழி ஆழம் குறைந்திருந்தது, சிவப்பு மணிகள் ஈரமாக, நெருக்கமாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருப்பதுபோல நின்றன. அக்கா ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தார். அவள் கையுறையைக் கழற்றுகிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இவ்வளவு சீக்கிரம் மூடி நான் பார்த்ததில்லை, பம்பு இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெஞ்சின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் மிச்சம். பம்பை அவளே பெட்டியில் வைத்து, அலுவலகத்தில் ஒப்படைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டாள். உடம்பு அந்த வாலைக் கரைத்திருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அது கரையாத பொருள் என்று புதுப் பெண்களுக்கு வகுப்பெடுத்தவளே அவள்தான்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், மிஷின எடுத்துட்டுப் போயிட்டீங்கல்ல?"

"ஆமாக்கா. ஏன்?"

"இல்ல..." அக்கா குரலைத் தாழ்த்தினார். "சத்தம் மட்டும் இன்னும் இருக்கு."

அவள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கின் வீடு, மூடிக்கிடக்கும் பட்டறைக்குப் பின்னால். பழைய டயர்களுக்கும் கழற்றிப் போட்ட கியர் பெட்டிக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையாக நடக்க வேண்டும். கசிந்த எண்ணெய் மண்ணில் ஊறி, செருப்பு ஒவ்வோர் அடிக்கும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. வாசலில் நிற்கும்போதே வாசனை வந்தது. சீழ் வாசனை அவளுக்குப் பழக்கம், அதைக்கண்டு அவள் மூக்கைச் சுளிப்பதில்லை. இது சீழ் இல்லை. பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக, அப்போதுதான் பிறந்த ஏதோ ஒன்றின் வாசனையாக இருந்தது.

மெக்கானிக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிய, தோள்பட்டை எலும்பு துருத்த, ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். சட்டைப் பொத்தான்கள் நெஞ்சருகே மட்டும் இறுகி, பிளவுவிட்டு நின்றன.

"சாப்பிடறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல சிஸ்டர்," என்றார் அக்கா. "சர்க்கரை சரியாத்தான் இருக்கு. காய்ச்சல் இல்ல. உடம்பு மட்டும் வத்திட்டே போகுது."

"வலிக்குதாண்ணா?" என்று அவள் கேட்டாள்.

"வலி இல்லம்மா. உள்ள ஏதோ பசியா இருக்கற மாதிரி இருக்கு." அவர் பானட் கதையைச் சொல்லவில்லை. "எனக்கில்ல. உள்ள."

அவள் சட்டையை விலக்கினாள். கோடு மேடாகியிருந்தது. அதன் இருபுறமும் தோல் பளபளவென்று, இளம் பிள்ளையின் தோல்போல இருந்தது. கையுறை போட்டு உள்ளங்கையை வைத்தாள். இதயம் துடித்தது, ஒழுங்காகத்தான் துடித்தது. அதற்கு மேலே, அதோடு சம்பந்தப்படாமல், வேறொன்று அசைந்தது. தோல் மெல்ல உள்ளே இழுபட்டது. நின்றது. விட்டது. மறுபடி இழுபட்டது. பம்பின் தாளம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதே தாளம். குனிந்து காதை வைத்தாள்.

உர்ர். பிறகு அந்த உறிஞ்சல்.

கோட்டின் கீழ்முனையில், பொந்து இருந்த இடத்தில், கடுகளவு ஒரு துளை திறந்திருந்தது. துளைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். அவள் பை மடியிலேயே இருந்தது, போன் பையிலேயே இருந்தது. உள்ளே துண்டு தங்கிவிட்டது, நான்தான் விட்டேன் என்று சொன்னால் போதும், ஆபரேஷன் அறையில் வைத்து எடுத்துவிடுவார்கள், இவர் பிழைத்துக்கொள்வார். அவள் வேலை போகும். கைராசிக்காரி என்ற பெயர் போகும். மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தாள். அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தாள். தானாகவே வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. இடுக்கியால் பிடித்து ஓர் இழுப்பு. சுண்டுவிரல் நீளம்தானே. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டது.

"சின்ன நூல் ஒண்ணு தங்கியிருக்குண்ணா. எடுத்துடறேன். அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி வைங்க."

அக்கா போகவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

அவள் இடுக்கியை உப்புத்தண்ணீரில் நனைத்துத் துளைக்குள் விட்டாள். பிடி கிடைத்தது. மெல்ல இழுத்தாள். வந்தது. அலறல் இல்லை, மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, கொட்டாவி விடுகிறவர்போல வாயைத் திறந்தார். சுண்டுவிரல் நீளம் வந்தது. அவள் மூச்சை விட்டாள்.

முடியவில்லை. இன்னும் இருந்தது.

இழுத்தாள். ஒரு சாண் வந்தது. கறுப்பாக, ஈரமாக, துளைகளெல்லாம் சிவப்பு மணிகள் அடைத்துக்கொண்டு. அவள் வெட்டியது இவ்வளவு நீளமில்லை. இடுக்கியை விட்டுக் கையாலேயே பிடித்து இழுத்தாள். இன்னொரு சாண். வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைக்குள் அது துடிப்பது தெரிந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயம் அதிக தூரத்தில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இதோ, இதோ முடிந்துவிடும். இன்னும் ஓர் இழுப்பு.

உள்ளே எதுவோ பிய்ந்தது.

ரத்தம். கொட்டவில்லை, பாய்ந்தது. விரிப்பு, சட்டை, அவள் மடி. யோசிக்கவில்லை. துளைக்குள் இரண்டு விரலை விட்டாள். துளை இடம் கொடுத்தது. நாலு விரல். அழுத்தினாள். அடியில் இதயம் அவள் விரல்நுனியில் முட்டியது. ரத்தம் நின்றது.

"அக்கா, ஆம்புலன்சுக்கு அடிங்க." அவள் பேசிக்கொண்டே போனாள், நிறுத்த முடியவில்லை. "நான்தாங்க்கா. ஸ்பாஞ்சு பிஞ்சு உள்ள நின்னுருச்சு. அன்னைக்கே தெரியும். லேட்டா வந்ததும் நான்தான். மறைச்சதும் நான்தான். என்னை என்ன வேணா பண்ணுங்க, இவரை மட்டும்..."

அக்கா போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"தெரியும் சிஸ்டர். தட்டுல நானும் பாத்தேன். முனை பிஞ்சிருந்துச்சு." ஏதோ அவரே தப்புச் செய்ததுபோலத் தலையைக் குனிந்தார். "நீங்க வந்துடுச்சுன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஆஸ்பத்திரியில் போனை எடுத்தார்கள். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு அவள் முகத்தருகே பிடித்தார். டாக்டரின் குரல் நிதானமாக இருந்தது. "விரல் வச்சிருக்கீங்களா? ரத்தம் நின்னுருச்சா? நல்ல வேலை பண்ணீங்க. நாங்க வர்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க. எடுத்தா போயிடுவார். புரியுதா? அசையாம வைங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"வழியெல்லாம் நெரிசல். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

போன் நின்றது. வெளிச்சம் குறைந்தது. அக்கா விளக்கைப் போட்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்து, தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்தாள். நாலு விரல் உள்ளே. கட்டைவிரல் வெளியே. கை மரத்தது. முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டாள்.

மெக்கானிக் தூங்கினார். நிம்மதியான தூக்கம். அவள் எடுக்காதவரை இவர் பிழைப்பார். அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள். எடுக்க மாட்டேன். இந்த முறை போக மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். அழுகை வந்தது. துடைக்க மற்றக் கையைத் தூக்கினாள், அதுவும் ரத்தம்.

உர்ர்.

விரல்களில் ஓர் இழுப்பு. லேசாக. குழந்தை விரலைச் சப்புவதுபோல.

அவள் குனிந்து பார்த்தாள். கையுறையின் வெளிர்நீல ரப்பரில், விரல்கள் உள்ளே போகிற இடத்தில், ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. ரத்தக்கட்டி என்று நினைத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை. அது மணி மணியாக இருந்தது. ஈரமாக, நெருக்கமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்தது.

கையுறை ரப்பர். சதை ரப்பரில் பிடிக்காது. துளை இல்லாத பொருளில் பிடிக்காது. அவள் அதைச் சொல்லிக்கொண்டாள். விரல்நுனியில் ஈரம் தெரிந்தது. உள்ளே. கையுறைக்குள்ளே. எப்போதோ கிழிந்திருக்கிறது.

மெக்கானிக்கின் கன்னத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஒட்டிய குழி நிரம்பிக்கொண்டிருந்தது. அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் அவள். "அக்கா, என் கை."

"எடுத்துடாதீங்க சிஸ்டர்," என்றார் அக்கா மெதுவாக. அவர் கண் கணவரின் முகத்தை விட்டு நகரவில்லை. "வந்துருவாங்க."

கட்டைவிரல் உள்ளே போயிருந்தது. அவள் அதை வைக்கவில்லை. கை மணிக்கட்டுவரை போயிருந்தது. வலி இல்லை. அதுதான். வலி இல்லவே இல்லை. ஒரு விரலை அசையச் சொன்னாள், மனதால். ஐந்தில் எதுவும் அவளுடையதாக இல்லை.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஒரு மயிரளவுதான். மெக்கானிக் தூக்கத்தில் அலறினார். கூடவே இன்னொரு அலறல். அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. வலித்தது அவருடைய நெஞ்சில். அவளுக்கும் அங்கேதான் வலித்தது.

தெருவில் ஒரு வண்டி வந்தது. கடந்து போனது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முன்கையின் தோலில் ஒரு பள்ளம் விழுந்தது, நின்றது, விட்டது. அடுத்தது முழங்கைக்குக் கொஞ்சம் கிட்டே விழுந்தது. அக்கா பஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்து, அவள் செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரியே, மணிக்கட்டைச் சுற்றி ரத்தத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அதற்கு இந்தப்புறம் அவள் தோல், அந்தப்புறம் அவர் தோல். நடுவில் இடைவெளி இல்லை. அக்கா குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது, கண்ணில் நீர் நின்றது.

"பாருங்க சிஸ்டர்," என்றார். "எவ்வளவு அழகா சேந்துடுச்சு."